பொருளைப் பிரித்தெடுக்க எந்த வழி? விளிம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைக் கடை மேசையில் வைத்து எடுத்த படம் கையில் இருக்கிறது. பின்னால் தெரியும் சுவர், தொங்கும் மின்கம்பி, பக்கத்துப் பாத்திரம் எல்லாம் போக வேண்டும். விளக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் நிற்க வேண்டும். இணையத்தில் பொருள் விற்கிறவர்கள், திருமண ஆல்பம் வடிவமைக்கிறவர்கள், அழைப்பிதழ் தயாரிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது அன்றாட வேலை. வழி கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். புள்ளி வைத்துப் பாதை வரைந்து வெட்டும் பென் டூலைத் தவிர எதையும் நம்பாதே என்பார் ஒருவர். ஒரு பட்டனைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு செய்து கொடுத்துவிடும் என்பார் இன்னொருவர். சேனலுக்குள், அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளுக்குள் போனால்தான் தலைமுடி வரும் என்பார் பழைய கை ஒருவர்.

மூவர் சொல்வதும் சரிதான். மூவரும் வேறு வேறு பொருளை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். விளக்கை எடுக்கிறவருக்குப் பென் டூல் போதும். சுருட்டை முடிக்கு அது உதவவே உதவாது. ஆகவே கருவியின் பெயரைக் கேட்டு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், பொருளின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து. ஒரே பொருளில் மூன்று விதமான விளிம்புகள் இருந்தால் மூன்று வழியிலும் எடுத்து, பின்னணியை அழிக்காமல் மறைக்கும் ஒரே மாஸ்க்கில் சேர்த்துவிடலாம். லேயர் மாஸ்க்கின் பெரிய வசதியே அதுதான்.

அழிப்பானை முதலில் ஒதுக்கிவிடுவோம். எரேசரால் பின்னணியை அழித்தால் அந்தப் புள்ளிகள் (பிக்சல்கள்) படத்திலிருந்தே போய்விடுகின்றன. கோப்பைச் சேமித்து மூடிய பிறகு விளக்கின் திரி முனை கொஞ்சம் வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. லேயர் மாஸ்க்கில் எதுவும் அழிவதில்லை. லேயருடன் (படத்தின் ஓர் அடுக்குடன்) ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. அதில் கறுப்பு இருக்கும் இடம் மறைகிறது, வெள்ளை இருக்கும் இடம் தெரிகிறது, சாம்பல் இருக்கும் இடம் பாதி தெரிகிறது. வழக்கமான 8 பிட் கோப்பில் கறுப்பு 0, வெள்ளை 255. இடையில் இருக்கும் அத்தனை படிகளும் ஒளி எவ்வளவு ஊடுருவலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. தவறாக மறைத்துவிட்டால் வெள்ளைப் பிரஷால் மேலே ஓட்டினால் போதும். ஃபோட்டோஷாப்பில் லேயர்கள் 1994இல் 3.0 பதிப்புடன் வந்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரேசரால் பின்னணி அழிப்பதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் இருப்பது வருத்தம் தருகிறது. புதிதாகக் கற்கிறவர் முதல் நாளிலேயே மாஸ்க்கைக் கற்றுக்கொண்டால் அந்தப் பழக்கம் ஒட்டாது.

ஆக, மாஸ்க் வேண்டுமா என்று யோசிக்க எதுவும் இல்லை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எப்படி உருவாக்குவது என்பதில்தான் யோசனை தேவை.

கெட்டியான விளிம்புக்குப் பென் டூல்

குத்துவிளக்குக்கே வருவோம். பளபளக்கும் உலோகத்தில் ஒரு தொல்லை உண்டு: தன்னைச் சுற்றி இருப்பதையெல்லாம் அது பிரதிபலிக்கும். வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் விளக்கை வைத்தால், தாளின் வெண்மை விளக்கின் ஓரத்தில் ஏறி, சில இடங்களில் ஓரம் எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாமல் போகும். நிற வேறுபாட்டை நம்பி இயங்கும் கருவிகள் அங்கேதான் தடுமாறுகின்றன. மேஜிக் வாண்ட் அந்த இடத்தில் விளக்குக்குள்ளேயே நுழைந்துவிடும். குவிக் செலக்‌ஷன் ஓரத்தைக் கடித்துவிடும். தானியங்கிக் கருவி கூடச் சில சமயம் தண்டின் பக்கத்தில் ஒரு பள்ளம் விட்டுவிடும்.

விளக்கின் தண்டு உருண்டையாக, இரு பக்கமும் சமமாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும். நிறம் மறைந்தாலும் வடிவத்தை நம் கண் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போகும். பென் டூல் அந்த அறிவைப் பயன்படுத்திக்கொள்ளும் கருவி. வளைவு திசை மாறும் இடத்தில் ஒரு புள்ளி, அடுத்த திருப்பத்தில் இன்னொரு புள்ளி. இடையில் உள்ள வளைவைக் கைப்பிடியை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் புள்ளிகளை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் விளிம்பு மேடும் பள்ளமுமாகத் தெரியும். விளக்கின் அகல் போன்ற ஒரு முழு வளைவுக்கு மூன்று நான்கு புள்ளிகள் தாராளம். பாதையை ஓரத்தின் மேலேயே போடாமல், ஒரு பிக்சல் உள்ளே தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய பின்னணியின் நிறம் மெல்லிய கோடாகக் கூடவே வந்துவிடும். அடர் நிறப் பின்னணியில் வைத்தால் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும்.

பாதை வரைந்து முடித்ததும் இரண்டு வழிகள் இருக்கின்றன. அதையே வெக்டர் மாஸ்க்காக (பிக்சல்கள் இல்லாமல் பாதையாலேயே ஆன மாஸ்க்காக) வைத்துக்கொள்ளலாம். அல்லது தேர்ந்தெடுத்த பகுதியாக, அதாவது செலக்‌ஷனாக மாற்றி, அரை பிக்சல் அளவு ஃபெதர் கொடுத்து (ஓரத்தை மென்மையாக்கி), சாதாரண லேயர் மாஸ்க்காக ஆக்கலாம். வெக்டர் மாஸ்க்கை எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் அதன் விளிம்பு உடையாது; பிறகு எப்போது வேண்டுமானாலும் புள்ளியை நகர்த்தலாம். ஆனால் கேமரா எடுத்த படத்தில் எந்த விளிம்பும் அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. அதனால் பொருள், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். விளக்கை அருகில் இருந்து எடுத்திருந்தால் முன் அகல் தெளிவாகவும் பின் அகல் சற்று மங்கலாகவும் இருக்கும். வெக்டர் மாஸ்க்கில் ஃபெதர் கொடுத்தால் அது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விழும். லேயர் மாஸ்க்காக இருந்தால் பின் அகலின் ஓரத்தில் மட்டும் பிளர் டூலை லேசாக ஓட்டி, படத்தின் மங்கலுக்கு ஏற்ப மாஸ்க்கையும் மங்கலாக்கலாம். லோகோ, பெட்டி, புத்தக அட்டை என்றால் வெக்டர் மாஸ்க். கேமரா ஆழம் தெரியும் எந்தப் பொருளுக்கும் லேயர் மாஸ்க். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

தொங்குவிளக்கின் சங்கிலி, ஜிமிக்கியின் இடைவெளி, நாற்காலியின் பின்னல் போன்றவற்றில் உள்ளே ஓட்டைகள் இருக்கும். வெளிப் பாதையை முடித்த பிறகு ஒவ்வோர் ஓட்டைக்கும் தனிப் பாதை வரைந்து கழிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் நகைக் கடைக்காரருக்கு வேலை செய்கிறவர் இதைத் தவிர்க்க முடியாது. சங்கிலியின் கண்ணிக்குள் பழைய பின்னணி ஒட்டிக்கொண்டிருந்தால் வாங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

தானியங்கித் தேர்வு எதுவரை போதும்

ஃபோட்டோஷாப்பில் பொருளைத் தானே கண்டுபிடித்துத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் சப்ஜெக்ட் வசதி 2018 தொடக்கத்தில் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டின் இறுதியில் ஆப்ஜெக்ட் செலக்‌ஷன் டூல் வந்தது. வந்த புதிதில் கேலி செய்தவர்கள் பலர். இன்று அந்தக் கேலிக்கு இடமில்லை. மனிதர், நாய், கார் போன்று அதற்குப் பழக்கமான உருவங்களைத் தெளிவான பின்னணியில் கொடுத்தால், கையால் நெடுநேரம் செய்வதை நொடிகளில் தருகிறது. ஒரு நிகழ்ச்சியின் படங்களைக் கட்டுக்கட்டாக வெட்ட வேண்டியவர் இதை விட்டுவிட்டுப் பென் டூலோடு உட்காருவது வீண் வேலை.

ஆனால் இதே தானியங்கி முறை எந்த வடிவில் முடிவைத் தருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபோட்டோஷாப்புக்குள் பின்னணியை நீக்கும் கட்டளையைக் கொடுத்தால், அது லேயர் மாஸ்க்காகவே வருகிறது. பிழை இருந்தால் பிரஷால் திருத்தலாம். ரிமூவ்.பிஜி போன்ற இணையதளத்தில் படத்தை ஏற்றினால் பின்னணி வெட்டப்பட்ட பிஎன்ஜி கோப்பு வருகிறது. அதில் வெட்டுப்பட்ட விரல் வெட்டுப்பட்டதுதான். இலவசமாகக் கிடைக்கும் கோப்பு சிறியதாகவும் இருக்கும். முழு அளவுக் கோப்பைப் பெற்றிருந்தால் ஒரு வழி உண்டு: மூலப் படத்தின் மேல் அந்தப் பிஎன்ஜியை அப்படியே பொருத்தி, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அதன் சிறுபடத்தைச் சொடுக்கினால் செலக்‌ஷன் கிடைக்கும். அதை மூலப் படத்துக்கு மாஸ்க்காகக் கொடுத்துவிட்டுப் பிஎன்ஜியை நீக்கிவிடலாம். இணையதளத்தின் வேகமும் மாஸ்க்கின் திருத்தும் வசதியும் சேர்ந்து கிடைக்கும்.

வாடிக்கையாளரின் படங்களை வெளி இணையதளத்தில் ஏற்றுவது இன்னொரு விஷயம். குழந்தைகளின் படம், வெளியாகாத பொருளின் படம் என்றால் ஏற்றாமல் இருப்பதே முறை. ஃபோட்டோஷாப்பின் அமைப்புகளில் தேர்வு வேலையைச் சொந்தக் கணினியிலேயே செய்யுமாறு வைத்துக்கொள்ளலாம். மேகக் கணினியில் செய்தால் விளிம்பு சற்று நுட்பமாக வரும். அதற்காக வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

தானியங்கி தந்த மாஸ்க்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். சரிபார்க்க இரண்டு பழக்கங்கள் போதும். ஒன்று, பொருளுக்குக் கீழே அடர் சிவப்போ பச்சையோ நிரப்பிய லேயரை வைத்துப் பாருங்கள். வெள்ளையில் ஒளிந்திருந்த கறைகள் எல்லாம் வெளியே வரும். இரண்டு, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்குங்கள். மாஸ்க் மட்டும் திரை முழுவதும் தெரியும். வெள்ளைப் பரப்புக்குள் சாம்பல் திட்டுகள், கறுப்புப் பரப்பில் தூசுபோல வெண்புள்ளிகள் தென்படும். சட்டை நடுவில் ஒரு சாம்பல் திட்டு இருந்தால் அந்த இடத்தில் சட்டை ஊடுருவித் தெரியும். அச்சுக்குப் போன பிறகுதான் பலர் இதைப் பார்க்கிறார்கள். விசைப்பலகையில் பின்சாய்கோடு விசையைத் தட்டினால், மறைந்த பகுதியின் மேல் சிவப்பு மெல்லிய திரையாகத் தெரியும். அந்தச் சிவப்பு, ஆஃப்செட் அச்சுக்குப் படம் தயாரித்தவர்கள் ஒளி படக் கூடாத இடத்தை மறைக்க வெட்டி ஒட்டிய ரூபிலித் என்ற சிவப்புப் படலத்திலிருந்து வந்தது.

பட்டுப் புடவை இதற்கு நல்ல சோதனை. அரக்குச் சிவப்புப் புடவையை அதே சிவப்புத் திரைக்கு முன் எடுத்தால் தானியங்கி முந்தானையைப் பாதியில் விட்டுவிடும். குஞ்சங்களை ஒரே கட்டியாக எடுத்துவிடும், அல்லது மொத்தமாக வெட்டிவிடும். உடம்பு, முகம், கைகளை அதனிடம் விட்டுவிட்டு, புடவையின் கரையைப் பென் டூலாலும் குஞ்சத்தை மெல்லிய பிரஷாலும் எடுங்கள். எல்லாம் ஒரே மாஸ்க்கில்தான் சேர்கின்றன.

முடிக்குச் சேனல்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போவது இங்கேதான். தலைமுடியின் இழை பல இடங்களில் ஒரு பிக்சலை விடவும் மெல்லியது. அந்த பிக்சலில் முடியின் நிறமும் பின்னணியின் நிறமும் கலந்தே இருக்கும். ஆகவே முடியின் மாஸ்க் சாம்பலில்தான் இருக்க முடியும். பென் டூலால் சாம்பலை வரைய முடியாது. சேனல் முறையில் படத்தின் சொந்த வெளிச்சத்தையே மாஸ்க்காக எடுத்துக்கொள்கிறோம். அதனால் அந்தச் சாம்பல் படத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது.

வானத்துக்கு எதிரே நிற்கும் ஒரு பெண், கறுப்பு முடி காற்றில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேனல் பலகையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீலச் சேனலில் வானம் ஏறக்குறைய வெள்ளையாகவும் முடி கறுப்பாகவும் தோலும் இருண்டும் இருக்கும். அந்தச் சேனலுக்கு ஒரு நகல் எடுத்து, லெவல்ஸ் என்ற வெளிச்ச அமைப்பில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் உள்ளே தள்ளுங்கள். வானம் முழு வெள்ளையாகும், முடி முழுக் கறுப்பாகும், இழைகளின் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிற்கும். அங்கே அவசரப்பட்டு மேலும் தள்ளினால் மெல்லிய இழைகள் உதிர்ந்துவிடும். மிச்சமிருக்கும் அழுக்கைப் பிரஷின் கலப்பு முறையை ஓவர்லே என்று மாற்றிக்கொண்டு சுத்தம் செய்யலாம்: அந்த நிலையில் வெள்ளைப் பிரஷ் வெளிர் சாம்பலை வெள்ளையாக்கும், கறுப்பைத் தொடாது, கறுப்புப் பிரஷ் அடர் சாம்பலைக் கறுப்பாக்கும், வெள்ளையைத் தொடாது. முகத்துக்குள் இருக்கும் வெளிச்சங்களைச் சாதாரணக் கறுப்புப் பிரஷால் மூடுங்கள். கடைசியாகத் தலைகீழாக்கினால் பெண் வெள்ளை, வானம் கறுப்பு. அதைச் செலக்‌ஷனாக ஏற்றி மாஸ்க் கொடுத்தால் முடிந்தது.

அந்தப் பெண் மல்லிகைச் சரம் வைத்திருந்தால்? பூவும் வெள்ளை, வானமும் வெள்ளை. நீலச் சேனலில் சரம் காணாமல் போகும். சேனலால் முடியை எடுத்துவிட்டு, சரத்தின் ஓரத்தை மட்டும் பென் டூலால் வரைந்து மாஸ்க்கில் வெள்ளை நிரப்ப வேண்டும். ஒரே தலைக்கு இரண்டு வழிகள்.

பின்னால் செடிகொடிகள் இருந்தால் நீலத்தை விட்டுவிட்டுப் பச்சைச் சேனலைப் பாருங்கள். இலைகள் அதில்தான் வெளிச்சமாக இருக்கும். நிழல் விழுந்த தோப்பு என்றால் மூன்று சேனலிலும் முடியும் இலையும் ஒரே இருட்டாகிவிடும். அப்போது சேனல் முறையைக் கைவிடுவதே நல்லது. ஃபோட்டோஷாப்பில் 2016 முதல் இருக்கும் செலக்ட் அண்ட் மாஸ்க் அறைக்குள் போய், முடியின் ஓரத்தில் ரிஃபைன் எட்ஜ் பிரஷை ஓட்டுவதுதான் அடுத்த வழி. மென்மையான, ஒரே நிறப் பின்னணியில் அது சேனல் முறைக்கு இணையாக, அதைவிடச் சீக்கிரமாகச் செய்துவிடும். கலவையான பின்னணியில் இலையின் துண்டுகளையும் சேர்த்து இழுத்து வரும்.

எந்த வழியில் எடுத்தாலும் முடியில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டியிருக்கும். பச்சைத் தோட்டத்தில் நின்றவரின் முடி ஓரம் பச்சையாகத் தெரியும். செலக்ட் அண்ட் மாஸ்க்கில் நிறக் கறையை நீக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது பிக்சல்களின் நிறத்தையே மாற்றிவிடுவதால், முடிவை மாஸ்க்குடன் கூடிய புதிய லேயராக வாங்கிக்கொண்டு மூலத்தைத் தொடாமல் வைத்திருங்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: பொருளின் மேல் ஒரு வெற்று லேயரை கிளிப்பிங் மாஸ்க்காக (கீழ் லேயரின் உருவத்துக்குள் மட்டும் தெரியும்படி) சேர்த்து, கலப்பு முறையைக் கலர் என்று வைத்து, முடியின் நிறத்தையே எடுத்து ஓரத்தில் மெதுவாகப் பூசுவது. நேரம் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் எங்கே எவ்வளவு பூசுகிறோம் என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

கண்ணாடிக்கு மேற்சொன்ன எதுவும் தனியாகப் போதாது. தேன் குப்பியை வெட்டி எடுத்தால் குப்பிக்குள் பழைய மேசை தெரியும். வெளி உருவத்தைப் பென் டூலால் எடுத்து, அந்த லேயரை மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் வைத்து இருட்டுகளைக் காப்பாற்றி, அதே லேயரின் நகலை ஸ்கிரீன் முறையில் வைத்து ஒளிப் பொட்டுகளை மட்டும் மாஸ்க்கால் வெளிக்கொண்டு வரலாம். தரையில் விழும் நிழலுக்கும் மல்டிப்ளை உதவும். முடிந்தால் கண்ணாடிப் பொருளைச் சரியான பின்னணியில் மறுபடி எடுத்துவிடுங்கள். அதற்கு ஆகும் நேரம் குறைவு.

மென்பொருள் குறித்து

ஃபோட்டோஷாப்பின் மாதச் சந்தா கட்ட முடியாதவருக்குக் கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதுமானது என்று தயங்காமல் சொல்வேன். லேயர் மாஸ்க் சேர்க்கும்போதே அதை வெள்ளையாகவோ கறுப்பாகவோ, இருக்கும் செலக்‌ஷனிலிருந்தோ, லேயரின் சாம்பல் நகலிலிருந்தோ தொடங்கலாம் என்று கேட்கிறது. இந்தச் சாம்பல் நகல் சேனல் முறைக்கு மிகவும் கைகொடுக்கும். பாதை வரைந்து செலக்‌ஷனாக்கி மாஸ்க் கொடுப்பதும் சுலபம். 2018இல் வந்த 2.10 பதிப்பின் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவி முடியை ஓரளவு நன்றாகவே எடுக்கிறது. பெரிய படங்களில் மெதுவாக இருக்கும், பொறுமை வேண்டும். ஃபோட்டோஷாப் பழகியவருக்கு ஃபோட்டோபியா எளிது. உலாவியிலேயே ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை மாஸ்க்குகளோடு திறக்கும், கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஃபோட்டோஷாப் சந்தாவுக்குப் பணம் கொடுப்பது நியாயமாவது, நிறைய முடி, நிறைய மனிதர்கள், நிறையப் படங்கள் உள்ள வேலைக்குத்தான். பாத்திரக் கடை, புத்தகம், மின்பொருள் படங்களுக்கு நல்ல பென் டூல் இருக்கும் எந்த மென்பொருளும் அதே முடிவைத் தரும்.

வாட்ஸ்அப் நிலைத்தகவலுக்கு ஒரு படம் என்றால் கைபேசிச் செயலியின் ஒரு தட்டே போதும். அமேசானில் விற்பவருக்கு அப்படி முடியாது. முதன்மைப் படத்தின் பின்னணி மூன்று நிறங்களிலும் 255 இருக்கும் தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும் என்பது அவர்களின் விதி. அவ்வளவு பெரிதாகக் காட்டும்போது ஓரத்தின் ஒவ்வொரு குறையும் தெரியும்.

படம் எடுக்கும் பொறுப்பும் உங்களிடம் இருந்தால் பாதி வேலையை அங்கேயே முடிக்கலாம். பித்தளை, வெள்ளி, எவர்சில்வர் பொருள்களின் இரு பக்கமும், சட்டத்துக்கு வெளியே, கறுப்பு அட்டைகளை நிறுத்துங்கள். ஓரங்களில் கறுப்பு பிரதிபலித்து விளிம்பு தெளிவாகக் கோடிட்டு நிற்கும். பென் டூலும் தானியங்கியும் ஒருசேரச் சுலபமாகும். மனிதர்களைப் பின்னணியிலிருந்து சில அடி தள்ளி நிறுத்தினால் சுவரின் நிறம் முடியில் ஏறுவது குறையும்.

சேமிக்கும்போது, மாஸ்க்கோடு கூடிய மூலத்தைப் பிஎஸ்டி அல்லது டிஃப் கோப்பாகவும், கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் பின்னணி தேவைப்படும் இடத்துக்குப் பிஎன்ஜி அனுப்பலாம். ஜேபெக்கில் லேயரும் நிற்காது, ஊடுருவலும் நிற்காது. கடைசி வெள்ளைப் பின்னணிப் படத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். உழைத்து எடுத்த முடியின் செலக்‌ஷனை ஆல்ஃபா சேனலாகவும் (நிறச் சேனல்களோடு சேரும் கூடுதல் கறுப்பு வெள்ளைச் சேனலாகவும்) தனியே சேமித்துவிட்டால், அடுத்த முறை அதே படத்துக்கு வேறு பின்னணி கேட்டு வாடிக்கையாளர் வரும்போது மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.